பேட்டரி மாற்றிய கேசட்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரை வீட்டில் தேடிப் பிரயோஜனமில்லை. மூடிப்போன தொழிற்சாலையின் வண்டி நிறுத்துமிடத்தில் வாராவாரம் கூடும் பழைய சாமான் சந்தைக்குப் போக வேண்டும். கைப்பிடி போன இஸ்திரிப்பெட்டி, ஜோடி பிரிந்த ஸ்பீக்கர், முள் ஓடாத கடிகாரம் என்று துணி விரித்துப் பரப்பியிருக்கும் குவியல்களுக்கு நடுவே ஒரு ஆள் குந்திக்கொண்டு, பேனா பருமன் டார்ச்சை அடித்து எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் அவர்தான். சந்தைக்காரர்கள் வைத்த பெயர் டார்ச். பெற்றவர்கள் வைத்த பெயர் அங்கே யாருக்கும் தெரியாது, கேட்டதும் இல்லை.

வாரத்தில் ஆறு நாள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் உரசி ஃபிரேமில் பொருத்துகிற வேலை. ஏழாவது நாள் பழைய வீடியோ கேம் கேசட் தேடுகிற வேலை. இரண்டாவதற்குச் சம்பளம் கிடையாது. ஆனாலும் முதல் வேலைக்கு ஒருநாள்கூட அவ்வளவு நேரத்தோடு போனதில்லை.

டி.வி.யோடு இணைத்து விளையாடும் அந்தக் கனமான பிளாஸ்டிக் கேசட்டுகளை இப்போது யாரும் செய்வதில்லை. தேடுகிற ஆள் தேடிக்கொண்டே இருக்கிறான். வைத்திருக்கிறவர்களுக்கோ அது அலமாரியை அடைக்கும் குப்பை. டார்ச்சின் சந்தோஷம் முழுக்க இந்த இடைவெளியில்தான் இருந்தது. அதற்கென்று சில வித்தைகள் கற்று வைத்திருந்தார். வேண்டிய கேசட்டை முதலில் தொடவே கூடாது. எவனுக்கும் வேண்டாத பந்து விளையாட்டு, கார் விளையாட்டுக் கேசட்டுகளை நாலைந்து எடுத்து, அலுப்போடு புரட்டி, அவற்றுக்கு நடுவே வேண்டியதைச் செருகி, "மொத்தமா என்ன சொல்றீங்க?" என்று கேட்க வேண்டும். கேட்கும்போது முகத்தை இழவு வீட்டில் வைத்திருப்பதுபோல் வைத்திருக்க வேண்டும்.

அவருக்கு ஒரு நெறியும் இருந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அந்தக் கேசட்டுகள் சிலவற்றுக்குள் பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். விளையாடியவர்கள் விட்ட இடம், வைத்த பெயர், சேர்த்த சொத்து எல்லாம் அந்தப் பேட்டரியின் தயவில்தான் உயிரோடு இருக்கும். பேட்டரியைக் கழற்றினால் எல்லாம் போச்சு. மற்ற சேகரிப்பாளர்கள் வாங்கியதும் போட்டுப் பார்த்து, யாரோ வைத்த அசட்டுப் பெயர்களைப் படித்துச் சிரிப்பார்கள். டார்ச் அதைச் செய்யமாட்டார். அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற மாதிரி அது என்பது அவர் கட்சி. அதனால் வீட்டுக்கு வந்த கேசட்டை அன்றைக்கே பிரித்து, தகட்டைத் துடைத்து, பழைய பேட்டரியை எடுத்துப் புதுசு வைத்துவிடுவார். உள்ளே என்ன இருந்தது என்று பார்ப்பதே இல்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்தையின் ஓரத்தில் ஓர் அம்மாள் விரித்திருந்தது ஒரு பழைய படுக்கை விரிப்பு. அறுபது வயதிருக்கும். விற்கப் பழகாதவர் என்பது பொருள்களை அவர் அடுக்கியிருந்த நேர்த்தியிலேயே தெரிந்தது. ஒரு பிஸ்கட் டப்பா நிறையக் கேசட். டார்ச்சின் கண்ணில் அது பட்டுவிட்டது: பண்ணை விளையாட்டு. நிலத்தை உழுது, விதைத்து, மாடு வளர்த்து, வருஷக்கணக்கில் ஆடும் விளையாட்டு. ஆறு வருஷமாக அவர் தேடிக்கொண்டிருந்தது.

"இதெல்லாம் ஏதாவது மதிப்பு பெறுமா தம்பி? எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் அந்த அம்மாள்.

"பழசும்மா. ஓடுமோ ஓடாதோ. பிள்ளைங்க ஆசைப்படுதுங்கன்னு பார்க்கிறேன்" என்றார் டார்ச், வாய் கூசாமல். அவருக்குப் பிள்ளைகளே கிடையாது.

ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுக்கு டப்பாவே கைக்கு வந்தது. அந்த அம்மாள் அதை ஒரு பையில் போட்டு, பை கிழிந்துவிடுமோ என்று இன்னொரு பையும் போட்டுக் கொடுத்தார். அந்த இரண்டாவது பை டார்ச்சுக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. பஸ் ஏறியதும் மறந்துவிட்டார். மத்தியானத்துக்குள் பண்ணைக் கேசட்டைப் பிரித்து, பேட்டரியை மீட்டரில் வைத்துப் பார்த்தார். ஆச்சரியமாக இன்னும் உயிர் இருந்தது, இரண்டு வருஷமாவது தாங்கும். இருந்தாலும் வழக்கம் வழக்கம்தானே. எடுத்துவிட்டுப் புதுசு வைத்தார்.

நாலு வாரம் கழித்து, சந்தையில் யாரோ அவர் முழங்கையைத் தொட்டார்கள்.

"நீங்கதானே தம்பி டார்ச் அடிச்சுப் பார்த்து வாங்கினது? மூணு வாரமா இங்க வந்து நிக்கிறேன். போன ரெண்டு வாரம் உங்களைக் காணோம்."

போன இரண்டு வாரமும் அவர் ஊரின் மறுகோடியில், தானமாக வந்த பழைய சாமான்களை விற்கும் தர்மக் கடையில் அலமாரி அலமாரியாகத் துழாவிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். போன வருஷம் பக்கவாதம். வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரிக் கட்டில் போட இடம் வேண்டுமென்று அலமாரியைக் காலி செய்து, அதிலிருந்ததை அந்த அம்மாள் விற்றுவிட்டார். அன்றிலிருந்து மனிதர் இடது கையால் அந்தக் காலி அலமாரியையே காட்டிக்கொண்டிருக்கிறார். என்ன வேண்டும் என்று கண்டுபிடிக்கவே பத்து நாளாயிற்று.

"பொண்ணு படிக்கிற காலத்துல ரெண்டு பேரும் சேர்ந்து ஆடினது தம்பி. ஸ்கூல் விட்டு வந்ததும் அதான் வேலை. இப்ப அவ கல்யாணமாகி எங்கேயோ இருக்கா. போன்ல பேசுவா, இவருக்குப் பதில் சொல்ல வாய் இல்ல. அந்தப் பண்ணையையாவது பார்த்துட்டு இருப்பாருன்னு தோணுது. நீங்க கொடுத்த மாதிரி ரெண்டு மடங்கு தரேன்."

அழித்துவிட்டேன் என்று டார்ச் அங்கேயே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ஆனால் வாயிலிருந்து வெளியே வந்தது வேறு.

"காசெல்லாம் வேணாம்மா. வீட்ல அதே மாதிரி நாலஞ்சு கேசட் கிடக்கு, எது உங்களோடதுன்னு பார்க்கணும். அடையாளம் சொல்லுங்களேன்."

அப்படி நாலைந்து கிடக்கவில்லை. ஆறு வருஷம் தேடிக் கிடைத்தது ஒன்றே ஒன்றுதான். அந்த அம்மாளோ முகம் மலர்ந்து அடையாளம் சொன்னார். பண்ணைக்குச் 'சோம்பேறி' என்று பெயர். வீட்டுக்கு விரிவாக்கம் எல்லாம் கட்டியாயிற்று. கோழி ஏழு. மாடு ஒன்றே ஒன்று, அதற்கு அவருடைய பெயரையே வைத்துவிட்டார்கள்.

"என் பேரை மாட்டுக்கு வச்சுட்டு ரெண்டும் கெக்கெக்கேன்னு சிரிச்சுதுங்க. ரெண்டு நாள் நான் யாரோடயும் பேசல" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

டார்ச் அதையெல்லாம், போன் நம்பரையும் விலாசத்தையும் கேட்டுச் சேர்த்து, கண்ணாடிக் கடை ரசீதின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார். குறிக்கும்போது கை நடுங்கியது என்று சொன்னால் பொய். கை நன்றாகத்தான் எழுதியது. அதுதான் பின்னால் அவருக்குப் பொறுக்கவில்லை.

மறுநாளிலிருந்து வேலைக்குப் போகும் முன் ஒன்றரை மணி நேரம், வந்ததும் இரண்டு மணி நேரம் விவசாயம். முள்ளங்கி விதைத்தார், தண்ணீர் விட்டார், விற்றார், கோழி வாங்கினார். விளையாட்டில் ஒரு வருஷம் போக நிஜத்தில் பல நாள் பிடித்தது. இரண்டு தடவை அந்த அம்மாளுக்குப் போன் போட்டு, இன்னும் துடைத்துக்கொண்டிருக்கிறேன் என்று சாக்குச் சொல்லி, அப்படியே பேச்சுவாக்கில் நாய் என்ன நிறம், குதிரை இருந்ததா என்றும் கேட்டுக்கொண்டார். லாண்டரியில் இஸ்திரி போடும் அவர் மனைவி நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஐந்தாம் நாள் டி.வி.க்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"ஏங்க, நம்ம ஜன்னல்ல ஒரு தொட்டிச் செடி வாடிக் கிடக்கு. அதுக்குத் தண்ணி விட ஆளில்ல. இங்க என்ன இது?"

டார்ச் மென்று முழுங்கி எல்லாவற்றையும் சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

"கழட்டறதுக்கு முன்னால உள்ள இருக்கறதைக் காப்பி எடுக்க ஒரு பெட்டி வாங்கினீங்களே, அது எங்க?"

"இழுப்பறைல."

"எவ்வளவு நேர வேலை?"

"பத்து நிமிஷம்."

அவள் போய்த் தொட்டிச் செடிக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தாள். பிறகு, "சொல்லித் தொலைச்சிடுங்க. ஒரு நாள் திட்டுவாங்க, வாங்கிக்குங்க. இதை எத்தனை நாள் இழுப்பீங்க?" என்றாள். சொல்லிவிடத்தான் வேண்டும் என்று டார்ச்சும் நினைத்தார். நினைத்துக்கொண்டே ஏழாவது கோழியை வாங்கினார்.

விவசாயம் தொடங்கி ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை, சந்தைக்குப் போகாமல், கேசட்டையும் அதை ஓட்டும் பெட்டியையும் பையில் போட்டுக்கொண்டு கிரேன்காரர் வீட்டுக்குப் போனார். மூன்றாவது மாடி. நடு அறையில் கட்டில், பக்கத்தில் அந்தக் காலி அலமாரி. கிரேன்காரர் பெரிய உடம்புக்காரர். தலையணைகளுக்கு நடுவே சரிந்து உட்கார்ந்திருந்தார். வலது கையை யாரோ மடித்து வைத்த மாதிரி மடியில் வைத்திருந்தார்.

"எங்க வீட்ல இப்ப பேச்சு இப்படித்தான் தம்பி. மெத்தைல ஒரு தட்டு தட்டினா ஆமாம். ரெண்டு தட்டினா இல்ல" என்று அந்த அம்மாள் விளக்கிவிட்டு, கணவரிடம் குனிந்து, "இந்தத் தம்பி உங்க பண்ணையைக் கொண்டு வந்திருக்காரு" என்றார். ஒரு தட்டு விழுந்தது, பலமாக.

டி.வி.யில் பண்ணை வந்தது. 'சோம்பேறி' என்று பெயர் வந்தது. பெரிய வீடு, பழுப்பு நாய், ஏழு கோழி. தொழுவத்துக்குள் போனதும் மாட்டின் பெயர் வர, அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. டார்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். தன்னை யாராவது பிடித்துக் கீழே தள்ளினால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

கிரேன்காரர் சிரிக்கவில்லை. மடியில் வைத்த பொத்தான் பலகையை இடது கையாலேயே மெதுவாக இயக்கினார். பொம்மை ஆள் தொழுவத்தை விட்டு வெளியே வந்தான். வயலைத் திரும்பிப் பார்க்காமல் நேராகத் தொழுவத்தின் பின்பக்கம் போனான். அங்கே வேலி மூலையில் நின்றான். கிரேன்காரர் பொத்தானை அழுத்தினார். ஒன்றும் ஆகவில்லை. அங்கே வெறும் மண். மறுபடி அழுத்தினார். இன்னொரு தடவை அழுத்தினார்.

அந்த மூலையில் என்ன இருந்தது என்று டார்ச்சுக்குத் தெரியாது. அந்த அம்மாளுக்கும் தெரியாது, தெரிந்திருந்தால் அடையாளத்தில் சொல்லியிருப்பார். அப்பாவும் மகளும் அங்கே எதையோ வைத்திருந்தார்கள். அது இனி எந்தச் சந்தையிலும் கிடைக்காது.

கிரேன்காரர் தலையைத் திருப்பி டார்ச்சைப் பார்த்தார். உயரத்திலிருந்து பாரத்தை இம்மி பிசகாமல் இறக்கிப் பழகிய கண். அதன் முன்னால் நிற்க டார்ச்சால் முடியவில்லை, நகரவும் முடியவில்லை.

"என்ன பார்க்கறீங்க? இதுதானே? உங்க பண்ணைதானே இது?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார் மனைவி.

இடது கை மெத்தைக்கு மேல் சற்று நேரம் நின்றது. அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். ஒரு தட்டுத் தட்டினார்.

இரண்டாவது தட்டுக்காக டார்ச் காத்திருந்தார். அது வரவில்லை.

அந்த அம்மாள் மகளுக்குப் போன் போடப் போனார். "அப்பா முகத்தைப் பார்க்கணுமே நீ, அப்படியே பழைய மாதிரி" என்று சொல்வது காதில் விழ, டார்ச் சொல்லிக்கொள்ளாமல் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கினார். ஒரு மாடி இறங்கினார். இரண்டாவதில் பாதி இறங்கினார். அதற்கு மேல் கால் போகவில்லை. திட்டு வாங்கியிருந்தால் போயிருக்கும். கிரேன்காரர் காட்டிக்கொடுக்காமல் விட்டாரே, அதைத் தூக்கிக்கொண்டு வாசல் வரைக்கும்கூட நடக்க முடியவில்லை.

திரும்ப ஏறினார். கதவைத் தட்டினார்.

"எதையாவது மறந்துட்டீங்களா தம்பி?" போனைக் கையில் பிடித்தபடியே அந்த அம்மாள் கேட்டார்.

"இது உங்க பண்ணை இல்லம்மா. வாங்கின அன்னிக்கே பேட்டரிய மாத்தி அழிச்சிட்டேன். உள்ள என்ன இருக்குன்னு பார்க்கக்கூட இல்ல. நீங்க சொன்ன அடையாளத்தை வச்சு நான்தான் இதைப் போட்டேன். அதுக்கு நல்ல விலை உண்டுன்னும் அன்னிக்கே எனக்குத் தெரியும்."

அந்த அம்மாள் போனை அணைத்தார். கட்டிலுக்குப் போய்க் கணவரிடம் குனிந்தார்.

"உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சா?"

ஒரு தட்டு.

"அப்புறம் ஏன் ஆமான்னீங்க?"

ஆமாம் என்றால் ஒன்று, இல்லை என்றால் இரண்டு. ஏன் என்பதற்கு அந்த வீட்டில் தட்டு கிடையாது. இடது கை மெத்தைமேல் அப்படியே கிடந்தது. டி.வி.யில் பொம்மை ஆள் இன்னும் அந்த வெறும் மூலையில்தான் நின்றுகொண்டிருந்தான். போ என்று யாராவது சொன்னால் தேவலை என்று டார்ச் வாசற்படியில் நின்றார். யாரும் சொல்லவில்லை.