வலது கண்ணுக்குச் சிவப்பு

1. பால்

துறைத் தலைவரின் அறையில் நான் செய்த முதல் வேலை, அவருடைய ஃபைல்மேல் பால் ஊற்றியது. காபியில் ஊற்றிக்கொள்ளத்தான் சொன்னார். கோப்பைக்கு ஒரு விரல்கடை முன்னாலேயே ஊற்றிவிட்டேன்.

"பயப்படாதீங்க, நான் கடிக்க மாட்டேன்" என்றார். அடுத்த வாக்கியத்திலேயே கடித்தார். "வர்ற டெர்ம்ல த்ரீ-டி இன்டர்ஃபேஸ் டிசைன்னு ஒரு கோர்ஸ் ஆரம்பிக்கிறோம். நீங்கதான் எடுக்கிறீங்க. தெரியுமில்ல?"

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மொரீஷியஸில் ஸ்வெட்டர் ஃபேக்டரிக்காரர்களுக்கு ஸ்வெட்டர் திரையில் சுழல வேண்டும். ஓட்டல்காரர்களுக்கு, வெள்ளைக்காரர் விமானம் ஏறும் முன்பே அறையைச் சுற்றிப் பார்த்துவிட வேண்டும். நான் அங்குள்ள கல்லூரியில் டேட்டாபேஸ் சொல்லிக்கொடுக்கக் கோயம்புத்தூரிலிருந்து போனவன். முப்பரிமாணத்தில் எனக்குத் தெரிந்தது நீளம், அகலம், உயரம் என்ற மூன்று சொற்கள்.

"கரைச்சுக் குடிச்சிருக்கேன் சார்" என்றேன். ஒப்பந்தத்தில் இருப்பவன் வேறு எப்படிப் பேசுவான்?

அறிமுக வகுப்பு முடிந்ததும் பன்னிரண்டு பேராவது சேர வேண்டும். சேராவிட்டால் கோர்ஸ் இல்லை. கோர்ஸ் இல்லையென்றால் ஒப்பந்தமும் நீளாது. வீட்டில் அப்போதுதான் நாங்கள் குடியிருந்த வக்குவா ஊர்ச் சந்தையில் துணி எடுத்து, எல்லா ஜன்னலுக்கும் அளவெடுத்துத் திரை தைத்திருந்தாள் என் மனைவி. "நாம எங்கேயும் போகலையே?" என்று கேட்டாள். "சேச்சே" என்றேன்.

2. கண்ணாடி

புத்தகத்தைப் பார்த்து, எண்களைக்கூட அப்படியே காப்பியடித்து, ஒரு புரோகிராம் எழுதினேன். ஓட்டல் அறை ஒன்று, கோடுகளால் ஆனது. கட்டில், நாற்காலி, விளக்கு, கடைசியில் ஜன்னல், அதற்கப்பால் கடல். இதையே சிவப்பில் ஒரு தடவை, நீலத்தில் ஒரு தடவை, சற்றுத் தள்ளி வரைய வேண்டும். ஒரு கண்ணுக்குச் சிவப்புத் தாள், இன்னொன்றுக்கு நீலத் தாள் ஒட்டிய கண்ணாடி போட்டுப் பார்த்தால், கட்டில் திரையை விட்டு எழுந்து முன்னால் வரும் என்றது புத்தகம்.

பூங்கொத்து சுற்றும் கலர்த் தாள் வாங்கி, அட்டை வெட்டி, கண்ணாடி செய்தேன். போட்டேன். கட்டில் எழவில்லை. தாளை மாற்றி ஒட்டினேன். அப்போதும் கட்டில் படுத்தேதான் கிடந்தது. திரும்ப மாற்றினேன். எப்படி ஒட்டினாலும் எனக்கு ஒரே தட்டைதான்.

லேப் டெக்னீஷியன் ஆர்முகத்தைக் கூப்பிட்டு, "பாருப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாத்தியார் கௌரவம் குறுக்கே நின்றது. தாள் மட்டம், மாணவர்களின் இளங்கண்களுக்குத் தெரிந்துவிடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். இருந்தாலும் எந்தப் பக்கம் சிவப்பு? புது வீட்டில் எந்தக் காலை எடுத்து வைக்கிறோம்? முடிவு செய்துவிட்டேன். வலது கண்ணுக்குச் சிவப்பு. எல்லாக் கண்ணாடியையும் அப்படியே ஒட்டினேன்.

3. கட்டிலுக்கு முன்னால் கடல்

அறிமுக வகுப்பன்று லேப் நிறைந்திருந்தது. பின்வரிசையில் தலைவர், கையைக் கட்டிக்கொண்டு. எல்லோரும் கண்ணாடி போட்டார்கள்.

"பாருங்க, கட்டில் எப்படி முன்னால வருது! கடல் எவ்வளவு தூரத்துல!" என்றேன்.

பகலில் ஸ்வெட்டர் ஃபேக்டரியில் டிசைன் வரைந்துவிட்டு மாலையில் படிக்க வரும் காமினி, அந்த ஊர்ப் பேச்சான க்ரியோலில் கத்தினாள்: "அய்யோ மிஸ்யே! லாமேர் திவான் லிலி!" மிஸ்யே என்றால் ஐயா; கடல் கட்டிலுக்கு முன்னால் நிற்கிறதாம்.

"சைக்ளோன் அடிச்ச ஓட்டல்!" என்றான் ஆர்முகம். லேப் முழுக்கச் சிரிப்பு.

காமினி கண்ணாடியைத் திருப்பிப் பிடித்தாள். "இப்பதான் சரியா இருக்கு. சிவப்பு இடது பக்கம் வரணும் மிஸ்யே. நீங்க போட்டுப் பார்க்கலையா?"

"பார்த்தேனே. பிரமாதமா இருந்தது."

"அப்படியா? இப்ப திருப்பிப் போடுங்க. விளக்கு கிட்ட இருக்கா, நாற்காலி கிட்ட இருக்கா?"

ஐம்பது சதவீத வாய்ப்பு. "விளக்கு" என்றேன். மறுபடியும் சிரிப்பு. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. என் மனக்கண்ணில் திரைச்சீலைகள் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போயின.

மாட்டிக்கொண்டால் எனக்கு உண்மைதான் வரும். "சின்ன வயசிலேர்ந்து எனக்கு மாறுகண். ஒரு நேரத்துல ஒரு கண்தான் வேலை செய்யும். மத்தது சும்மா பக்கத்துல உட்கார்ந்திருக்கும்" என்றேன்.

"அப்ப வக்குவாவிலேர்ந்து எப்படி கார் ஓட்டிட்டு வர்றீங்க?" என்றாள் காமினி.

"மத்தவங்க ஹார்ன் அடிப்பாங்க" என்றேன். அவள் விடவில்லை. நிஜமாகவே கேட்டாள். அதுவரை நானே யோசிக்காத கேள்வி அது. மெல்லச் சொன்னேன். கிட்டே இருக்கும் லாரி தூரத்து லாரியை மறைக்கும். கரும்புத் தோட்டம் ஓடும், மலை நிற்கும். தலையை ஆட்டினால் கிட்டே இருப்பது அதிகம் நகரும்.

சொல்லும்போதே கை கீபோர்டுக்குப் போய்விட்டது. சிவப்பு நீலத்தை அணைத்து, வெறும் வெள்ளைக் கோடுகளாக்கி, அம்புக்குறியை அழுத்தினேன். அந்த ஆமை மெஷினில் பார்வை மெதுவாகப் பக்கவாட்டில் நகர்ந்தது. நாற்காலி வேகமாக, விளக்கு நிதானமாக, ஜன்னல் பட்டும் படாமல்.

"நாற்காலிதான் கிட்ட!" என்று முதலில் கத்தியவன் நான்தான்.

கண்ணாடிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. "இது இல்லாமலே தெரியுது" என்றார்கள். "என் ஸ்வெட்டரும் இப்படித் திரும்புமா?" என்று கேட்டபடியே காமினி பேனா எடுத்தாள். சேர்க்கைத் தாளில் முதல் கையெழுத்து அவளுடையது. பன்னிரண்டாவது, கல்லூரி ஊழியன் என்பதால் ஃபீஸ் கட்ட வேண்டாத ஆர்முகத்துடையது. "ஓசியில சிரிக்கலாம்ல மிஸ்யே" என்றான்.

கோர்ஸ் ஓடியது, திரைச்சீலையும் அதே ஜன்னல்களில் வெளுத்தது. எனக்கு 'மிஸ்யே ப்ளா', அதாவது தட்டை ஐயா, என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கோர்ஸின் முதல் விதியும் நான்தான். மாணவர் செய்து வருவதை என் முன் வைப்பார்கள். எது கிட்ட, எது தூரம் என்று எனக்கே தெரிந்தால் பாஸ். உங்கள் கண்ணுக்கு மட்டும் தெரிகிற வடிவமைப்பு இன்னும் முடியாத வடிவமைப்பு. இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.

அந்த அறிமுக வகுப்பன்று எல்லோரும் போன பிறகு, தலைவர் கடைசியாக எழுந்து வந்தார்.

"அப்ப என் ஃபைல்ல பால் ஊத்தினது பயத்துல இல்லையா?"

"பயத்துலயும்தான் சார்" என்றேன்.