கைக்குட்டையின் நாலு ஓரம்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மாடியில் இருந்தது எங்கள் தையல் இன்ஸ்டிட்யூட். பிளஸ் டூ முடித்த கையோடு, தையல் டீச்சர் ஆகிவிடலாம் என்று கீழ் கிரேடில் சேர்ந்திருந்தேன்; அதில் தேறினால் மேல் கிரேடு. ஜன்னலைத் திறந்தால் கல்வராயன் மலை தெரியும். நான் அதைப் பார்த்ததைவிட, பழைய பேப்பர் கடையில் வாங்கிய ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையைப் பார்த்ததுதான் அதிகம். அதில் பூவையும் இலையையும் கொக்கி ஊசியால் தனித்தனியாகப் பின்னி, நடுவே வலை போட்டு இணைத்திருந்தார்கள். அதன் பிறகு பாடத்திட்டத்துச் சிப்பி லேஸ் எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. ஒரு சிப்பி, பக்கத்தில் இன்னொரு சிப்பி, மறுபடியும் சிப்பி. கைக்குட்டையின் நாலு ஓரமும் அப்படியே பின்னிப் பரீட்சைக்கு வைக்க வேண்டும்.

என்னோடு பெஞ்சில் உட்கார்ந்தவள் பாத்திரக் கடைக்காரர் மகள். அவள் சிப்பிக் கட்சி.

"ஒரே சிப்பியப் போட்டுக்கினே கீறியே, போரடிக்கலயாடி?"

"அடிக்கட்டும். தொவைச்சாலும் நிக்கும்ல? ஒன் பூவு ரெண்டு தொவைப்புல தொங்கிடும், பாரு."

பரீட்சையில் அவளுக்கு அது இரண்டாவது முயற்சி. இந்த முறையும் தேறாவிட்டால் வீட்டோடு இருக்கட்டும் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார்; அவரை அவள் அத்தா என்பாள்.

பெஞ்சுக்கு ஒரு வெள்ளை நூல் உருண்டைதான் கொடுப்பார்கள். பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்தது. பூவை முயன்று பார்க்கலாம் என்று உருண்டையை நான் வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

"காலைல கொண்டாந்துடுடி. எனக்கு இன்னும் ரெண்டு ஓரம் கெடக்குது" என்றாள்.

காலையில் சாலை முழுக்கப் புளியமரங்கள் விழுந்து கிடந்தன. இட ஒதுக்கீடு கேட்டு மறியல். எங்கள் ஊர் எலவனாசூர்கோட்டைப் பக்கம்; பஸ் ஒன்றும் ஓடவில்லை. கள்ளக்குறிச்சியில் கடைகளும் அடைத்துவிட்டதாகச் சொன்னார்கள். மரம் வெட்டியவர்களில் என் அண்ணனும் ஒருவன்.

"அண்ணா, இந்த நூல அவ வூட்ல குடுத்துட்டு வந்துடேன்."

"மரத்த வெட்டிப் போட்டதே நாங்கதான். நானே தாண்டிக்கினு போனா இன்னா பேசுவானுங்க? ஒனக்கு வேல கெடைக்கத்தான் இவ்ளோவும்."

"வேலைக்கு மொதல்ல பரீட்சையில தேறணும்ல?"

அண்ணன் குனிந்து சோற்றைப் பிசைந்தான்.

இரண்டு நாள் அந்த உருண்டையைத் தொடவில்லை. மூன்றாம் நாள், எப்படியும் அனுப்ப முடியாத நூல்தானே என்று சொல்லிக்கொண்டு ஊசியை எடுத்தேன். பரீட்சைக்கு வைக்க வேண்டிய கைக்குட்டையின் ஒரு மூலையில் பெரிய பூ, நாலு இலை. நன்றாகவே வந்தது. அதுதான் இன்னும் உறுத்தியது.

பரீட்சைக்கு முதல் நாள் வழி திறந்தது. மிச்ச நூலோடு அவள் வீட்டுக்கு ஓடினேன். அவள் நாலு ஓரத்தையும் முடித்து வைத்திருந்தாள். முன்பே பின்னியிருந்த இரண்டு ஓரம் வெள்ளை. மற்ற இரண்டும் லேசான மஞ்சள்.

"அத்தாவோட பழைய தொழுகைத் தொப்பி, நூல்ல பின்னுனது. நூல் எங்கியும் கெடைக்கலன்னதும் அவரே எடுத்துக் குடுத்தாரு, பிரிச்சுக்கோம்மான்னு."

பிரித்த நூல் சுருண்டு சுருண்டு வந்ததாம். கடையிலிருந்து பெரிய சொம்பை எடுத்து வந்து, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, ஈர நூலை அதன்மேல் சுற்றிக் காயவைத்து நிமிர்த்தியிருக்கிறாள். இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

பரீட்சைக்கு வந்த மேடம் அவள் கைக்குட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். ஓரத்தை இழுத்துப் பார்த்தார். "ரெண்டு நூலா?" என்றார். அவள் நடந்ததைச் சொன்னாள். மேடம் மூலைகளை இன்னொரு முறை தடவினார். "கலர்தான் வேற. கை இறுக்கம் ஒண்ணாவே இருக்கு. தேறிட்டம்மா."

அடுத்து என்னுடையது.

"பூ அழகா இருக்கு. ஓரம் எங்க?"

"புது டிசைன் மேடம்."

"புதுசா? வெளிநாட்டுல நம்ம பாட்டி காலத்துக்கு முன்னாலயே போட்டுட்டாங்கம்மா."

லேஸில் நான் தேறவில்லை. மாடிப்படி இறங்கும்போது, அவளுக்காக வைத்திருந்த நூலில்தான் அந்தப் பூவைப் பின்னினேன் என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும்டி. நூல கையில வெச்சிக்கினு சும்மா இருக்கிற ஆளா நீ?"

கீழே அவள் அத்தா சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவர் சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போட்டுவிட்டு, எங்களைத் தாண்டிப் படியேறினார். மேலே எங்கள் டீச்சரிடம் அவர் கேட்டது எங்கள் காதில் விழுந்தது:

"மேல் கிரேடுக்குக் கிளாஸ் எப்பங்க, காலையிலயா, மத்தியானமா?"