நீலப் பரலும் வெள்ளைப் பூவும்

எங்கள் வேலிக்கு அந்தப்பக்கம் இருக்கும் தயாளினி கொண்டுவந்த சீதனம் அவளுடைய மூக்குத்தான் என்று அவள் புருசன் சுபாஸ்கரன் பகிடி விடுவான். பகிடி என்றாலும் உண்மை. வட்டுக்கோட்டையில் அவள் வேலை செய்யும் சங்கக்கடையில், நல்லெண்ணெய்ப் போத்தலைத் திறந்து ஒருதரம் மணந்தால் போதும், செக்கில் ஆட்டி எத்தனை கிழமை என்று சொல்லிவிடுவாள். அவள் மணந்து பார்த்துக் கொடுத்தால்தான் சனம் வாங்கும்.

கொரோனா அந்த மூக்கைக் கொண்டுபோய்விட்டது. காய்ச்சல் பத்து நாளில் மாறியது, மணம் திரும்பவில்லை. அடுப்பில் பருப்புக் கருகி, புகை என் குசினிக்கு வந்து, நான் கத்திய பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. பழுதான எண்ணெயை விற்றுவிட்டு, போத்தலோடு திரும்பி வந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டாள். ஒவ்வொரு நாளும் மணமான சாமான்களை மணந்து பார்த்தால் மெல்ல மெல்ல வரலாம் என்று டொக்டர் சொன்னாராம். கராம்பு, கறுவா, தேசிக்காய் என்று மூன்று சிரட்டையில் வைத்துக் காலையும் மாலையும் மணந்தாள்.

"மூக்குள்ள மட்டும் சளியெண்டு சொல்லுவினம். எனக்குச் சளி மட்டும்தானக்கா மிச்சம்" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பு வெளிக்குத்தான் என்று எனக்குத் தெரியும்.

தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓடும் சுபாஸ்கரன், மூன்று வருடத்துக்கு முன் மலைநாட்டிலிருந்து சந்தைக்கு வந்த ஒரு கன்றைக் கொண்டுவந்தான். காடீனியாவாம். வருடம் முழுக்க உதிராத, பளபளக்கும் பச்சை இலை. பூ வெள்ளை, ரோசாப்பூவின் அடுக்கு, மணத்தில் மல்லிகையை வெல்லுமாம்.

"உது பூக்கேக்கை என்ரை மூக்கும் திறக்குமக்கா" என்று அவள் நம்பிவிட்டாள்.

"முதற்பூ பிள்ளையாருக்கு" என்று நான் என் பங்குக்குச் சொல்லிவைத்தேன். தினமும் கோயிலுக்குப் பூ எடுத்துக் கொடுப்பவள் நான். சாமிக்கு வைக்கும் பூவை முதலில் மணக்கக் கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மணக்கவே மாட்டாதவளுக்கு இதில் என்ன நட்டம் என்று நினைத்தேன். என் வாய் பொல்லாதது. அன்று மனமும் அப்படித்தான் இருந்தது.

மலைநாட்டுக் கன்றுக்கு எங்கள் சுண்ணக்கல் கிணற்றுத் தண்ணீர் ஒத்துவருமா? இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தது. அரும்பிய மொட்டெல்லாம் விரியாமலே கொட்டியது. தயாளினி விடவில்லை. மாரி மழைத் தண்ணீரைப் பிடித்துச் சேர்த்து அதையே ஊற்றினாள். தொட்டி மண்ணை மாற்றி, இலைக்குப்பையும் தேங்காய்த் தும்புத்தூளும் கலந்தாள். மத்தியான வெயிலுக்குப் பழைய சேலையால் பந்தலும் போட்டாள். அத்தோடு நின்றிருக்கலாம். யூரியூப்பில் யாரோ சொன்னார்கள் என்று, ஒரு நீலப் பிளாஸ்டிக் பரலில் மீன்தலையும் கடலைப் புண்ணாக்கும் ஊறப்போட்டாள். பரலை வைத்த இடம் என் வேலியோரம்.

நான் மீன், மச்சம் தொடாதவள். பூவோடு சேர்ந்த நாரும் மணக்குமாம். அந்தப் பரலோடு சேர்ந்து என் வேலி, கிணற்றடி, கொடியில் காயப்போட்ட சேலை எல்லாம் நாறியது. மூன்று தரம் சண்டைக்குப் போனேன். மூன்று தரமும் அவள் குனிந்து, பாயசம் கிண்டுவதுபோல அந்தப் பரலை ஆசையாகக் கிண்டிக்கொண்டிருந்தாள். மூக்குப் போனவளிடம் உன் வீடு நாறுகிறது என்று எப்படிச் சொல்வது? சுபாஸ்கரன் அவளுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துக் கைகூப்பினான். திரும்பி வந்து யன்னலைப் பூட்டினேன். ஒழுங்கைச் சனம் முழுக்க அப்படித்தான் பொறுத்துக்கொண்டது.

கன்று தேறியது. போன சித்திரையில் ஏழு மொட்டு வந்தது, ஒன்றுகூடக் கொட்டவில்லை. ஒரு மொட்டு நாளைக்கு விரியும் என்று தெரிந்ததும், மறுநாள் விடியப் பூத்தட்டத்தோடு வேலியடிக்குப் போனேன். பூ விரிந்திருந்தது. தயாளினியோ அதைப் பார்க்காமல், கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"மீனாக்கா, ஆரின்ரை வளவிலை எலி செத்துக் கிடக்குது? இப்பிடி நாறுது."

தட்டத்தால் பரலைக் காட்டினேன்.

"எலியில்லையடி. உன்ரை பரல்."

பரலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இவ்வளவு நாளும் உப்பிடியே நாறினது?"

"ரண்டு வரியமா."

"ஏனக்கா ஒருத்தரும் சொல்லேல்லை?"

"நாறுதெண்டு நீயாச் சொல்லுவாய் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனாங்கள்."

அவள் அழத் தொடங்கினாள். நானும்தான், நாற்றம் தாங்காமல் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பிறகு சட்டென்று திரும்பிப் பூவில் முகத்தைப் புதைத்தாள். கனநேரம் நிமிரவில்லை.

"மணக்குதக்கா" என்றாள். "கொஞ்சம்தான். ஆனா மணக்குது."

அப்போதுதான் என் தட்டம் அவள் கண்ணில் பட்டது.

"ஐயோ, பிள்ளையாற்றை முதற்பூவெல்லே! மணந்துபோட்டனே!"

தட்டத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"பிள்ளையாருக்கு என்ரை வளவுச் செவ்வரத்தம்பூ போதும். நீ நல்லா மண. மணந்து முடிச்சிட்டு அந்தப் பரலை மூடு."