ஏணியில் ஏறும் உரிமை

மருத்துவ இன்சூரன்ஸ் கட்டணம் மறுபடியும் ஏறியதும், வீட்டில் ஒருவருக்குத்தான் கட்ட முடியும் என்றாகிவிட்டது. மனைவிக்குச் சர்க்கரை வியாதி இருப்பதால் அவளுடையதை வைத்துக்கொண்டு, என்னுடையதை நிறுத்தினோம்.

அடுத்த வாரம் எங்கள் ஊரான பெர்மாஸ் ஜெயாவில் நல்ல மழை. கூரையோரத்தில் தண்ணீர் ஓடும் தகரம் சருகால் அடைத்துக்கொண்டது. நான் ஏணியில் இரண்டு படி ஏறியதும் அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“இறங்குங்க லா! விழுந்தா உங்க ஆஸ்பத்திரி பில்லை யாரு கட்டுறது? நான் ஏறுறேன். எனக்குத்தான் இன்சூரன்ஸ் கார்டு இருக்கு.”

கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறிவிட்டாள். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னை எதிர்வீட்டுச் சீன அம்மா முறைத்தார். காரணத்தைச் சொன்னேன். “அலமாக்!” என்று வியந்து சிரித்தவர், தன் கணவரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

அடைப்பை எடுத்துவிட்டுப் பத்திரமாக இறங்கிய மனைவி, “இனிமே மேல் வேலையெல்லாம் நான்தான்” என்றாள்.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் மறுக்கவில்லை.