இரு என்றால் இருக்க வேண்டும்

எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலைக்கு விதை வாங்கத் திண்டிவனம் போன என் கணவர் ஒரு நாயோடு திரும்பி வந்தார். விதை மூட்டை எங்கே என்று கேட்டேன். "விதை நாளைக்கு வாங்கிக்கலாம். இவனை இன்னிக்கே கூட்டியாரலைன்னா வேற யாராவது எடுத்துக்கினு பூடுவாங்க" என்றார். அவருடைய நண்பர் ஒருவர் சென்னையில் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோகிறாராம். அங்கே நாய் வளர்க்க விடமாட்டார்களாம். ஒலக்கூர் பக்கம் இளிச்சவாயர் ஒருவர் இருக்கிறார் என்று அந்த நண்பர் தெரிந்துவைத்திருந்தார் போல.

வெள்ளை உடம்பில் பழுப்புத் திட்டுகள், தொங்கும் காது, குச்சி குச்சியாகக் கால்கள். ஒரு வயதுகூட நிறையாதவன். 'பாயிண்டர்' என்று ஒரு சாதியாம். பறவையின் வாசனை பட்டால் முன்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, வாலை நீட்டி, அப்படியே நின்றுவிடுமாம். வெளிநாட்டில் வேட்டைக்காரர்கள் வைத்திருப்பார்களாம். "இங்க கவுதாரி மேல கை வெச்சா கேஸ் போட்டு உள்ள தள்ளுவான். இது எதுக்கு நமக்கு?" என்றேன். "நின்னா அழகா இருக்கும்ல?" என்றார். இருபத்தைந்து வருஷமாக இந்த மனிதரோடுதான் குடும்பம் நடத்துகிறேன்.

வீட்டில் நாட்டுக்கோழிகள் வளர்க்கிறேன். வேலி ஓரத்தில் கவுதாரிகள் எப்போதும் உண்டு. அதனால் அன்றைக்கே தீர்த்துச் சொல்லிவிட்டேன். "கோழி மேலயோ கவுதாரி மேலயோ வாய் வெச்சான்னா, அன்னிக்கே அனுப்பிடணும்." எங்கே அனுப்புவது என்பதும் தெரியும். மரக்காணம் ரோட்டில் ஒரு பண்ணை வீட்டுக்காரர் இந்த நாயை அந்த நண்பரிடம் ஏற்கெனவே கேட்டிருந்தாராம். அவர் நாய்களை இரவும் பகலும் கேட்டில் சங்கிலி போட்டு வைத்திருப்பவர். என் கணவர் சரியென்று தலையை ஆட்டினார்.

நிற்பது என்னவோ நின்றான். வேலிக்குள் கவுதாரி இருந்தால் சட்டென்று உறைந்து போவான். கால் உயரும், வால் நீளும். "பாரு, பாரு!" என்று இவர் என்னைக் கூப்பிட்டு நான் திரும்புவதற்குள் பாய்ந்திருப்பான். ஒருநாள் வாயில் ஒரு இறகோடு வந்து நின்றான். "இறகுதானே, பறவை இல்லையே" என்று இவர் வக்கீல் மாதிரி வாதாடினார். போனால் போகிறது என்று விட்டேன். ஆனால் இந்த மனிதரை நம்பினால் நாய் சங்கிலிக்குத்தான் போகும் என்று தோன்றியது. நானே பழக்குவது என்று முடிவு செய்தேன்.

எனக்குப் பொறுமை கிடையாது என்பது ஊருக்கே தெரியும். அது அவனிடம் மட்டும் எங்கிருந்தோ வந்தது. முட்டை வைப்பதை நிறுத்திவிட்ட ஒரு கிழட்டுப் பெட்டையைக் கூடையில் கவிழ்த்துவைத்தேன். கிணற்றுக் கயிற்றை அவன் கழுத்துப்பட்டையில் கட்டி, பின்னால் நின்றுகொண்டேன். கூடையைப் பார்த்து அவன் காலைத் தூக்கியதும் மெல்ல "இரு" என்பேன். நின்றால் ஒரு கருவாட்டுத் துண்டு. பாய்ந்தால் கயிறு இழுக்கும், கருவாடு கிடையாது. கொஞ்ச நாளிலேயே என்னிடம் கல்லாக நின்றான்.

இவரிடம் மட்டும் நிற்கவில்லை. "இரு... இரு... தோ வர்றேன்" என்று பூனை நடை போட்டு இவர் பக்கத்தில் போவார். அதற்குள் அவன் கூடையின் மேல் இருப்பான். "உங்கிட்ட பயம் இருக்குது, எங்கிட்ட இல்ல" என்றார். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

அந்தப் பெருமை ஒரு போன்காலில் போயிற்று. அவனை நிறுத்திவைத்திருந்தபோது காணையிலிருந்து என் தங்கை கூப்பிட்டாள். "இருடி, அடுப்புல பால் வெச்சிருக்கேன், வர்றேன்" என்றேன். கயிறு என் உள்ளங்கையை உரித்துக்கொண்டு போனது. கூடை உருண்டது, பெட்டை கூரைமேல் ஏறிக் கத்தியது. கை எரிய எரிய நின்றபோதுதான் எனக்கு விளங்கியது.

எங்கள் வீட்டில் யாரும் 'போறேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்பமாட்டோம். தினமும் காலையில் இவர் வண்டியை எடுத்து, "வர்றேன்" என்று எனக்குக் குரல் கொடுத்துவிட்டுக் கேட்டைத் திறப்பார். திறந்ததும் இவன் அம்பாகப் பாய்ந்து, நாங்கள் பயிர் வைக்கும் கொல்லைவரை வண்டிக்கு முன்னால் ஓடுவான். நாங்கள் வர்றேன் என்று சொல்லிச் சொல்லிப் போய்க்கொண்டிருக்க, அந்த வார்த்தைக்கு ஓடு என்றுதான் பொருள் என்று சரியாகப் புரிந்துகொண்டவன் இவன் ஒருவன்தான். சிரித்துச் சிரித்து எனக்குக் கை வலியே மறந்துவிட்டது.

"அப்ப காலையில போறேன்னு சொல்லிட்டுக் கெளம்பட்டா?" என்றார் இவர்.

"வாயைக் கழுவுங்க மொதல்ல!" என்று கத்தினேன்.

வழக்கத்தை மாற்ற முடியாது, எனவே இவர் வாயைத்தான் கட்ட வேண்டியிருந்தது. நாயின் பக்கத்தில் போகும்போது தோள் துண்டின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு நடப்பார். அதைப் பார்த்த பக்கத்துக் கொல்லைக்காரர், வீட்டில் அவ்வளவு கெடுபிடியா என்று கேட்டாராம். இவர் துண்டை எடுக்காமலே ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறார். பிறகு கயிற்றில் நிறுத்திவைத்து, அந்த வார்த்தையையே திரும்பத் திரும்பச் சொன்னோம். கேட் திறக்கவில்லை, கருவாடுதான் வந்தது. கடைசியில் அதுவும் அவனுக்கு வெறும் சத்தமாகிப் போனது. தட்டைத் தட்டினோம். இவர் தெருவில் நின்று "வா, வா" என்று கூப்பிட்டுப் பார்த்தார். பறவை முன்னால் இருந்தால் என்ன கேட்டாலும் அசையக் கூடாது என்று பழக்கினேன். கயிற்றை அவிழ்த்துவிட்ட பிறகு ஒருநாள் கவுதாரி அவன் மூக்குக்கு நேராகப் படபடவென்று எழும்பியது. அவன் உடம்பெல்லாம் நடுங்கியது, பாதம் மட்டும் எழவில்லை. அன்றைக்கு அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். இவர் பார்க்கவில்லை என்று நினைத்தேன், பார்த்திருக்கிறார்.

ஆடியில் மழை பெய்தது. தரிசாகக் கிடந்த மேட்டுக் கொல்லையில் மல்லாட்டை போட ரோட்டவேட்டர் மாட்டிய டிராக்டர் வந்தது. ஓட்டுபவருக்கு டீ எடுத்துக்கொண்டு வரப்பில் போனேன். எனக்கு முன்னால் ஓடியவன் நடுக்கொல்லையில், இடுப்புயரப் புல்லுக்குள், காலைத் தூக்கி நின்றுவிட்டான். வாலின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. "இரு" என்றேன் சந்தோஷமாக. டிராக்டர் அப்போது அந்தக் கோடியில் இருந்தது.

திரும்பிய டிராக்டர் நேராக அவன் நின்ற சாலில் வந்தது. ஓட்டுபவர் பின்னால் கழுத்தைத் திருப்பி, கத்திகள் மண்ணைப் புரட்டுவதைப் பார்த்துக்கொண்டே வந்தார். போனில் பாட்டு அலறியது. "வா! வா!" என்று கத்தினேன். வால் நுனி அசையவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். அசையவே இல்லை. டீ பாத்திரத்தை எங்கே போட்டேன் என்று இன்றுவரை தெரியாது. விழுந்து, எழுந்து, புடவை முள்ளில் கிழிய ஓடிப்போய், டிராக்டருக்கு முன்னால் கையை விரித்து நின்றேன்.

"இன்னாக்கா, சாவறதுக்கு என் வண்டிதான் கெடைச்சுதா?" பிரேக்கை மிதித்த ஓட்டுபவர் கத்தினார். வண்டியை அணைத்தார்.

அவன் எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவன் மூக்குக்கு ஒரு முழம் முன்னால், புல் வேரில், ஒரு பெட்டைக் கவுதாரி முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. அதுவும் எழவில்லை. நான் அவன் பக்கத்தில் மண்டியிட்டு விலாவில் கை வைத்தேன். உள்ளே நெஞ்சு கடகடவென்று அடித்தது. சாகப் பயந்திருக்கிறான், ஆனாலும் நின்றிருக்கிறான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

என் சத்தம் கேட்டு இவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "வான்னு கூப்ட வேண்டியதுதானே!"

"கூப்ட்டேங்க. இருன்னு முன்னாடியே சொல்லிட்டேன். இருந்துட்டான்."

கழுத்துப்பட்டையைப் பிடித்து அவனை மெதுவாகப் பின்னுக்கு அழைத்தேன். அந்த இடத்தைச் சுற்றிக் குச்சி நட்டு, அவ்வளவையும் உழாமல் விடச் சொன்னேன். ஓட்டுபவர் முணுமுணுத்துக்கொண்டே வளைத்து ஓட்டினார். வரப்பில் உட்கார்ந்ததும் நாய் என் மடியில் தலையை வைத்துக்கொண்டது. அவன் காதில் ஒட்டியிருந்த முள்ளை எடுத்துக்கொண்டே இவரிடம் சொன்னேன்.

"அந்தப் பண்ணை வூட்டுக்காரர் கேட்டா, நாய் இல்லன்னு சொல்லிடுங்க."

இவர் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சந்தேகமாகக் கேட்டார்: "நாளைக்கு கவுதாரி மேல வாய் வெச்சுட்டான்னா?"

"வெச்சா வெச்சுட்டுப் போறான்" என்றேன்.