கூவத் தெரியாத மீன்காரி

அம்மா வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்ட வருடம் எனக்கு இருபத்தாறு வயது. பொன்னேரியில் பி.காம். முடித்துவிட்டு வீட்டில்தான் இருந்தேன். படிப்பில் குறை இல்லை. மனிதர்கள் முன்னால் வாய் திறப்பதுதான் என்னால் முடியாமல் இருந்தது.

அதை எல்லோரும் கூச்சம் என்றார்கள். கூச்சம் என்றால் ஏதோ தலை குனிந்து சிரிக்கிற விஷயம் என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்கு அப்படி இல்லை. தெரியாத ஒருவர் என்னைப் பார்த்து ஏதாவது கேட்டால் காதுக்குள் ரத்தம் அடிக்கிற சத்தம் கேட்கும். உள்ளங்கை ஈரமாகிவிடும். பதில் தெரிந்திருக்கும், தொண்டைவரை வந்தும்விடும், அதற்கு மேல் வராது. கல்லூரியில் செமினார் எடுக்க வேண்டிய நாட்களில் எனக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தது. ஒரு முறை பொன்னேரியில் வேலைக்கான நேர்காணலுக்குப் போனேன். மாடிப்படியில் என்னைப் போல நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் நிற்கவே முடியாமல் இறங்கி வந்து பஸ் ஏறிவிட்டேன். பஸ் கிளம்பியதும் மனசு லேசானது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவ்வளவு பெரிய நிம்மதி.

எங்கள் வீடு பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில், லைட்ஹவுஸ் குப்பத்தில். நைனா ஃபைபர் படகில் கடலுக்குப் போவார். அவர் கொண்டுவருவதில் ஒரு பங்கையும், ஏரியில் பிடிபடும் மடவையையும் இறாலையும் அம்மா ஐஸ் பெட்டியில் போட்டு, மொபெட்டில் கட்டிக்கொண்டு, பாலம் தாண்டி காட்டூர்ப் பக்கம் போய் விற்றுவிட்டு வருவாள். அங்கே எல்லாம் நெல் போடுகிற குடும்பங்கள். அம்மாவின் குரல் தெருமுனையில் கேட்டாலே உள்ளே குழம்புக்குப் புளி கரைக்க ஆரம்பிப்பார்கள் என்று அவளே பெருமையாகச் சொல்லுவாள்.

கையில் கட்டுப் போட்டு உட்கார்ந்த மறுநாளே அம்மா சொன்னாள்: "நீ போய்ட்டு வா. நான் போவாம வுட்டா அந்தத் தெருவுல வேற ஆளு பூந்துடுவா."

"என்னால கூவ முடியாதும்மா."

"கூவாம எப்படிடி விப்ப? வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிக்கினு கீற?"

மொபெட் ஓட்ட எனக்குத் தெரியும். அதனால் மறுக்கக் காரணம் இல்லை. முதல் நாள் காட்டூரில் ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி ஹாரனை மட்டும் அடித்தேன். இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். பெட்டியோடு திரும்பி வந்தேன். அன்று எங்கள் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் மடவைக் குழம்புதான்.

அடுத்த நாள்தான் பழைய துணிக்காரர்கள் வைத்திருப்பதுபோல் ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கும் யோசனை வந்தது. அம்மாவை முற்றத்தில் நிற்கவைத்து, பதிவு செய்வதற்காகப் போனை வாயருகே பிடித்துக் கூவச் சொன்னேன். அவள் இரண்டு தரம் ஆரம்பித்து இரண்டு தரமும் நிறுத்திவிட்டாள்.

"எதுத்தாப்புல யாருமே இல்லாம எப்படிடி கூவறது? வெக்கமா கீது."

என் அம்மாவுக்கும் வெட்கம் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசியில் பக்கத்து வீட்டு அத்தையைக் கூப்பிட்டு வந்து எதிரே நிறுத்தினேன். உடனே வந்துவிட்டது: "மீனே... மீனு! மடவ, இறாலு, நண்டேய்!"

அப்படித்தான் காட்டூர்த் தெருக்களில் என் வண்டி போயிற்று. அம்மாவின் குரல் முன்னால், நான் பின்னால். ஓட்டுவதற்குப் போட்ட ஹெல்மெட்டை நான் கழற்றவே இல்லை. மீனை எடை போடும்போதும், செதில் சுரண்டும்போதும், மிச்சம் கொடுக்கும்போதும் ஹெல்மெட் தலையில்தான். கண்ணாடி மூடியை இறக்கிவிட்டால் யாரும் என் முகத்தைப் பார்க்க முடியாது. பேச்சு நாலு சொல்லுக்குள் முடிந்துவிடும். வெயிலில் தலை வெந்தது. ஆனால் வியாபாரம் நடந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

கேட்டது ஒருத்திதான்.

தெருவின் கடைசியில் ஒரு வீடு. முன்னால் பச்சைக் கிரில் கேட். அந்த வீட்டு அக்காவுக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். எல்லோரும் வண்டிக்கு வருவார்கள், அவள் மட்டும் கேட்டுக்குள்ளிருந்து கிண்ணத்தை நீட்டுவாள். நான்தான் மீனைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். "அது வெளிய வராதும்மா. பெரிய ராணி" என்று பக்கத்து வீட்டம்மா ஒரு நாள் சிரித்தாள்.

நான் கிண்ணத்தில் மீனைப் போட்டபோது அந்த அக்கா குனிந்து, என் கண்ணாடி மூடிக்குள் பார்க்க முயன்றாள்.

"ஏம்மா, வண்டிதான் நின்னுடிச்சே. இன்னாத்துக்கு ஹெல்மெட்?"

காதுக்குள் அந்தச் சத்தம். நான் திரும்பி நடந்தேன். அவள் பின்னாலிருந்து கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "எனக்கும் அப்படித்தாம்மா. நான் கேட்டுக்குள்ள கீறேன், நீ அதுக்குள்ள கீற. தப்பா எடுத்துக்காத."

வீடு வரைக்கும் அதை யோசித்துக்கொண்டே வந்தேன். அடுத்த முறை போனபோது கேட்டருகே கண்ணாடி மூடியை மட்டும் மேலே தூக்கினேன். அவள் அதைக் கவனித்தும் கவனிக்காததுபோல, "இறால உரிச்சிக் குடுப்பியா?" என்றாள். இறால் உரிக்க நேரமாகும். அந்த நேரத்தில்தான் அவள் கதையைச் சொன்னாள்.

நாலைந்து வருடங்களுக்கு முன் சென்னையிலிருந்து மின்சார ரயிலில் வந்துகொண்டிருந்திருக்கிறாள். மாலைக் கூட்டம். மீஞ்சூர் தாண்டி வண்டி நடுவழியில் நின்றுவிட்டது. நெஞ்சு படபடத்து, மூச்சு அடைத்து, கை மரத்துப்போய், செத்துவிடுவோம் என்றே நினைத்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்கு எல்லாம் பரிசோதித்துவிட்டு ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

"ஒண்ணும் இல்லன்னா எனக்கு வந்தது இன்னா? அதுக்கப்புறம் ரயில்ல போவல. அப்புறம் பஸ்ஸுலயும் அப்படி வருமோன்னு பஸ்ஸ வுட்டேன். அப்புறம் கோயிலு. அப்புறம் கடை. இப்ப இந்தக் கேட்டு."

நான் இறாலின் தலையைக் கிள்ளிக்கொண்டே இருந்தேன். நேர்காணலுக்குப் போய்த் திரும்பிய பஸ் நினைவுக்கு வந்தது. அன்றைய நிம்மதிக்குப் பிறகு நான் வேறு எந்த நேர்காணலுக்கும் போகவில்லை. கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தியதும் அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு முறை தப்பித்தபோதும் மனசு லேசானது. ஒவ்வொரு முறையும் நான் போகக்கூடிய இடங்களில் ஒன்று குறைந்துபோனது. அவளுக்கும் அதேதான் நடந்திருக்கிறது.

அவள் கணவர் நல்ல மனிதர். விசாரித்து விசாரித்து பொன்னேரியில் ஒரு மனநல டாக்டரைப் பிடித்திருந்தார். அவளால் நேரில் போக முடியாததால் அந்த டாக்டரம்மா வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். இதற்குப் பெயர் இருக்கிறது, மருந்தும் பயிற்சியும் இருக்கின்றன, இது பைத்தியம் இல்லை என்று அவர் சொன்னதே பாதி பாரத்தை இறக்கிவிட்டதாம். "பயம் வந்தா ஓடாத, அங்கயே நில்லுங்கறாங்க. அது ஏறுமாம், ஏறிக்கினே போவாதாம். ஒரு அளவுக்கு மேல தானா எறங்குமாம். ஓடிட்டா அது எறங்கறத நம்ம பாக்கவே முடியாதாம்."

"நின்னு பாத்தியாக்கா?"

"எங்க? தனியா நிக்க தைரியம் வரல."

அவளிடம் நான் கேட்ட முதல் கேள்வி அது. கேட்டுவிட்டோம் என்பதே அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரு ஏற்பாடு வந்தது. நான் மீனை கேட்டுக்குக் கொண்டுபோவதை நிறுத்தினேன். வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினேன். அவள் கேட்டைத் திறந்து கிண்ணத்தோடு வர வேண்டும். நான் அவள் வரும்போது ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டும். முதல் நாள் அவள் வாசற்படியைத் தாண்டி ஒரு கையால் கேட்டைப் பிடித்தபடியே நின்றாள். முகமெல்லாம் வியர்வை. எனக்கு, தலையில் காற்று பட்டதும் துணியில்லாமல் நிற்பதுபோல இருந்தது. பக்கத்து வீட்டம்மா வேறு, "அய்ய, நீ மீன்காரம்மா பொண்ணா! அதே மூக்கு!" என்று கத்தினாள். எனக்கு ஓட வேண்டும்போல இருந்தது. ஓடவில்லை. எதிரே அவள் நின்றுகொண்டிருந்தாளே!

எல்லா நாளும் ஏறுமுகமாக இருக்கவில்லை. சில நாள் அவள் கேட்டைத் திறக்கவே இல்லை. கணவர் வந்து வாங்கிப் போனார். சில நாள் நான் ஹெல்மெட்டோடு வந்து ஹெல்மெட்டோடு போனேன். ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொள்ள மாட்டோம். இப்படியே வேப்பமரம் வரைக்கும் வந்தாள், பிறகு ரேஷன் கடை வரைக்கும்.

ஒரு நாள் சொன்னாள்: "தங்கச்சிக்கு வளைகாப்பு. பொன்னேரியில மண்டபம். நீ கூட வந்தா பஸ்ஸுல வர்றேன்னு வீட்டுல சொல்லிட்டேன்."

கணவர் காரில் கூட்டிப்போகிறேன் என்றாராம். அவள்தான் பஸ் என்று பிடிவாதமாக இருந்தாள். எனக்கு பஸ்ஸில் பயம் இல்லை. மண்டபத்தை நினைத்தால்தான் பயம். முன்பின் தெரியாத நூறு பேர். ஆனாலும் சரி என்றேன்.

பஸ்ஸில் ஏறும்போது கூட்டம் இல்லை. அவள் கணவர் முன்பக்கம் உட்கார்ந்தார். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் கல்லூரிப் பிள்ளைகள் திபுதிபுவென்று ஏறினார்கள். அவள் என் கையைப் பிடித்தாள். விரல்கள் ஐஸாக இருந்தன.

"வருது. வந்துடிச்சி. இறங்கிடலாம்."

"இறங்கணும்னா இறங்கலாம்க்கா. இல்ல, கொஞ்சம் பாக்கலாமா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "காத்து வரல. அந்த ஜன்னல்."

ஜன்னலோரம் மடியில் கூடையோடு ஒரு பெரியம்மா அரைத்தூக்கத்தில் இருந்தார். "அம்மா" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. எனக்கே கேட்கவில்லை. அவள் பிடி இன்னும் இறுகியது. "அம்மா! இவங்களுக்கு மூச்சு அடைக்குது. அந்த ஜன்னல் சீட்டு கொஞ்சம் குடுங்க!" என்றேன். அந்தக் குரல் பஸ் முழுக்கக் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை வருடமாக நான் பயந்தது அதற்குத்தான், இத்தனை முகங்கள் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்புவதற்கு. திரும்பின. ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அந்தப் பெரியம்மா கூடையோடு எழுந்து, "வாம்மா, இங்க உக்காரு" என்று நகர்ந்தார். அவ்வளவுதான். பிறகு எல்லோரும் தங்கள் போனுக்குத் திரும்பிவிட்டார்கள்.

அவள் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் மூச்சு வேகமாகவே இருந்தது. பிறகு மெல்ல மெல்ல நிதானமானது. பொன்னேரி வந்தபோது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எறங்குச்சிடி. நெசமாவே எறங்குச்சி. நான் பாத்தேன்." அதுவரை அவள் என்னை 'டி' போட்டதில்லை.

மண்டபத்தில் அவளைச் சொந்தங்கள் சூழ்ந்துகொண்டன. எத்தனையோ வருடம் கழித்துப் பார்க்கிறார்கள். அழுகையும் சிரிப்புமாக அவளை இழுத்துக்கொண்டு போனார்கள். நான் ஒரு தூண் பக்கம் தனியாக நின்றேன். பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மா வந்து, "நீங்க மாப்பிள்ளை வீடா?" என்று கேட்டார்.

கதவு எங்கே இருக்கிறது என்று என் கண் தேடியது உண்மைதான். ஆனால் பஸ்ஸில் நான் பார்த்ததை நானும் சோதித்துப் பார்க்க வேண்டும்போல இருந்தது. நின்றேன். காதில் ரத்தம் அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டேன்.

"இல்லீங்க. நான் லைட்ஹவுஸ் குப்பம். காட்டூர்ல மீன் விக்கிறேன். அக்காவோட ஃப்ரெண்டு."

குரல் நடுங்கியது. அவர் ஒரு கணம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அதற்குள் அவளே வந்து என் தோளைப் பிடித்து மணையருகே கூட்டிப்போனாள். தங்கைக்கு நானும் சந்தனம் தடவி, இரண்டு வளையல் போட்டேன். சந்தனம் கன்னத்தில் கோணலாகப் போயிற்று. அந்தப் பெண் சிரித்தாள். சாப்பாட்டில் புளிசாதம் நன்றாக இருந்தது, இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன்.

அதற்குப் பிறகு அந்த டாக்டரம்மாவிடம் நானும் போனேன். என் கூச்சத்துக்கும் மருத்துவத்தில் பெயர் இருந்தது. குணமாகிவிட்டதா என்று கேட்டால், முழுசாக இல்லை. கூட்டத்துக்குள் நுழையும்போது இன்னமும் உள்ளங்கை ஈரமாகிறது. துடைத்துக்கொண்டு உள்ளே போகிறேன்.

அம்மாவின் கை எலும்பு கூடி, காட்டூர்த் தெருவை அவள் திரும்ப எடுத்துக்கொண்டாள். நான் பழவேற்காட்டில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். அந்த வேலைக்கு முன் இரண்டு நேர்காணல்களில் நன்றாக உளறியிருக்கிறேன். உளறியும் உயிரோடு வெளியே வர முடிந்ததே எனக்குப் பெரிய செய்தியாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த அக்கா கணவரோடு எங்கள் குப்பத்துக்கு வந்திருந்தாள். பாலத்தின் நடுவில் ஒரு தரம் வண்டியை நிறுத்தச் சொல்லி, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வந்தாளாம். மணலில் உட்கார்ந்து கடலைப் பார்த்தபடி, "எவ்ளோ வெட்டவெளி! பயமா கீது" என்றாள். எழுந்து போகவில்லை. அம்மா நண்டு வறுத்துக் கொண்டுவந்தாள். ஓட்டை எப்படி உடைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. பல்லால் கடித்து, மூக்கெல்லாம் மசாலாவோடு, இன்னொன்று வேண்டும் என்று தட்டை நீட்டினாள்.