பதின்மூன்றாவது நாப்

சாப்பிட்டுக்கொண்டே படிக்கிற பழக்கம் உள்ளவர்கள், தயவுசெய்து முடித்துக் கைகழுவிவிட்டு வாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இது விளாங்குடியில், போன பங்குனியில், பட்டப்பகலில் நடந்தது. நடந்தது எனக்கு இல்லை, அருள்பாண்டிக்கு. அவன் பொய் சொல்கிற ஆள் இல்லை. பொய் சொல்ல வந்திருந்தால், பழைய மிஷினையெல்லாம் புதுசு என்று சொல்லி விற்று எப்போதோ பெரிய ஆளாகியிருப்பான்.

அவன் தொழிலே அழுக்கோடுதான். காலேஜ் லேப்களிலும் மூடிப்போன கம்பெனிகளிலும் கழித்துக்கட்டிய மின்சாரச் சோதனைக் கருவிகளை வாங்கி வருவான். கழற்றி, கழுவி, மொட்டைமாடி வெயிலில் காயவைத்து, பழுது பார்த்து மறுபடி ஓடவிடுவான். வீட்டின் முன்னறைதான் பட்டறை. அந்தப் பெட்டிகளுக்குள் என்னென்ன கிடக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. கரப்பான் முட்டை. எலி மூத்திரம் பட்டுப் பச்சை பூத்த தகடு. காய்ந்து சருகான பல்லி. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து பொருக்குத் தட்டியிருக்கும். இதையெல்லாம் வெறுங்கையால் சுரண்டி எடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போய், அதே கையால் தயிர்சாதம் பிசைந்து சாப்பிடுவான். பார்க்கிற எனக்குத்தான் குமட்டும். "அழுக்குன்னா என்னண்ணே, தூசியும் எண்ணெயும்தான" என்று சிரிப்பான்.

இப்போது அப்படிச் சிரிப்பதில்லை.

அந்த மிஷின் மேலூரிலிருந்து வந்தது. அங்கே பழைய சாமான் கொட்டகை வைத்திருக்கிற சங்கிலி, முன்பு ஒரு பாலிடெக்னிக்கில் அட்டெண்டராக இருந்தவர். பாலிடெக்னிக்கை மூடியபோது அங்கிருந்த சாமான்களை அவரே எடுத்துக்கொண்டார். அதில் ஒன்றுதான் இந்த சி.ஆர்.ஓ. கரண்டின் ஓட்டத்தைத் திரையில் பச்சைக் கோடாகக் காட்டுமே, அந்தப் பெட்டி. "தம்பி, இத நீதேன் கழுவணும். வேற யாரும் வேணாம்" என்று அவரே வண்டியில் ஏற்றிக் கட்டிவிட்டார். தொழில் சுத்தத்துக்குக் கிடைத்த பாராட்டு என்று இவன் நினைத்துக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை மதியம் 1.40. முன்பக்கம் இருந்த நாப்களை, அதுதான் கையால் திருகுகிற குமிழ்களை, ஒவ்வொன்றாக உருவினான். மொத்தம் பதின்மூன்று. நாப்களில் இருக்கிற கறுப்பு அழுக்கு மண் இல்லை. வருஷக்கணக்காகத் திருகிய மனுசர்களின் வியர்வையும் விரல் தோலும்தான் அது. அதைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும். அவசரத்துக்குக் கையில் கிடைத்த கிண்ணத்தை எடுத்து ஊறப்போட்டான். உள்ளே வந்த அவன் மனைவி சத்யப்ரியா அதைப் பார்த்துவிட்டாள்.

"அது பாப்பாவோட கஞ்சிக் கிண்ணமுங்க! கருமம்! உங்களுக்கு அருவருப்பே கிடையாதா?"

பாப்பா என்றால் முத்துமீனா. பத்து மாதம். கல்யாணமாகி ஏழு வருஷம், போகாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை என்று ஆனபிறகு பிறந்தவள். தவழ ஆரம்பித்து மூன்று வாரம்தான். கண்ணில் பட்டதெல்லாம் வாய்க்குத்தான் போகும். அதற்காகவே பட்டறை வாசலில் முழங்கால் உயரத்துக்குப் பலகை வைத்து அடைத்திருந்தான்.

பன்னிரண்டு நாப் கிண்ணத்தில் ஊறிக்கொண்டிருந்தது. பதின்மூன்றாவதைப் போடவில்லை. அது பெரிய நாப். கோடு வேகமாக ஓடுவதா மெதுவாக ஓடுவதா என்று நேரத்தை மாற்றுவது. அதில் அப்பியிருந்தது கறுப்பு அழுக்கு இல்லை. பழுப்பு நிறத்தில், ஓரமெல்லாம் சுருண்டு, வெங்காயச் சருகு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் மெல்லிய கோடுகள் வளைந்து வளைந்து போயின. முதலில் சுரண்டிவிட்டுப் பிறகு ஊறப்போடலாம் என்று முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

கருவாட்டுக் குழம்பு நாற்றம். நாலு நாள் மூடிவைத்துக் கெட்டுப்போனது.

தொழிலுக்கு வந்த பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாக அருள்பாண்டி ஓங்கரித்தான். அதை மேசைமேல், நடுவில், ஒரு பேப்பரில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றான்.

மணி 2.00. எதிர்வீட்டு ஒச்சம்மாள் தெருவிலிருந்து கத்தினாள். "ஏத்தா சத்யா, தண்ணி வந்துருச்சு!"

எங்கள் பக்கம் குழாயில் தண்ணீர் வந்துவிட்டால், எரிகிற அடுப்பைக்கூட அப்படியே விட்டுவிட்டு ஓடுவோம். எட்டு நாளைக்கு ஒருமுறை வருகிற தண்ணீர். புருஷனும் பெண்டாட்டியும் குடங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாப்பா உள் அறையில் சேலைத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். பத்தே நிமிஷம். எட்டுக் குடம்.

திரும்பி வரும்போது பட்டறைக்குள் ஒரு சத்தம்.

சப்... சப்... சப்...

பாப்பா தரையில் உட்கார்ந்திருந்தாள். வாயில் பெரிய நாப்.

சத்யப்ரியா இடுப்புக் குடத்தைப் போட்டுவிட்டுப் பாய்ந்தாள். அவன் நாப்பைப் பிடுங்கினான். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினான். ஒன்றும் இல்லை. சுவர்க் கடிகாரத்தில் 2.10. அதற்குப்பிறகுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. தொட்டில் தரையிலிருந்து மூன்றடி உயரம். வாசலில் பலகை வைத்தது வைத்தபடி இருந்தது. மேசை அவன் இடுப்பு உயரம், பேப்பர்கூட நகரவில்லை.

கையிலிருந்த நாப்பைப் பார்த்தான். சுத்தமாக இருந்தது. கடையில் வாங்கியது போல.  கொல்லைப்பக்கம் ஓடிப்போய் வாந்தி எடுத்தான்.

டாக்டரிடம் ஓடினார்கள். விஷயத்தைச் சொன்னார்கள். அவர் பார்த்துவிட்டு, வாந்தி பேதி வந்தால் மட்டும் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். எதுவும் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புதன்கிழமை பாப்பா பால் குடிக்கவில்லை. மார்பில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஏங்க... இவ வாய மோந்து பாருங்க."

மோந்தான். கருவாட்டுக் குழம்பு. பச்சைப்பிள்ளை வாயிலிருந்து.

"நம்ம வீட்டுல கருவாடு வாங்கி எம்புட்டு நாளாச்சு?" என்று கேட்டு அழ ஆரம்பித்தாள் சத்யப்ரியா.

நாக்கை ஈரத்துணியால் துடைத்தார்கள். நாற்றம் போகவில்லை. வலது கைக் கட்டைவிரல் நகத்துக்குள்ளும் ஆள்காட்டி விரல் நகத்துக்குள்ளும் பழுப்பாக ஏதோ அடைந்திருந்தது. சோப்புப் போட்டுக் கழுவப் போனால் வீடே இடிகிற மாதிரி அலறினாள். அழுத்திப் பிடித்துக் கழுவினார்கள். சாயங்காலம் பார்த்தால் மறுபடி அடைந்திருந்தது. பிசுபிசுவென்று.

வியாழக்கிழமை, மணி 2.10. பாயில் படுத்திருந்தவள் வலது கையைத் தூக்கினாள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்தாள். மணிக்கட்டை மெதுவாகத் திருப்பினாள். கொஞ்சம் நிறுத்தி, மறுபடி. பெரிய மனுசர்கள் எதையோ பார்த்துப் பார்த்துத் திருகுவார்களே, அந்தப் பொறுமை. பத்து மாதப் பிள்ளைக்கு அந்தப் பொறுமை எங்கிருந்து வரும்? அருள்பாண்டிக்கு அந்தத் திருகல் நன்றாகத் தெரியும். தினமும் அவன் கை செய்கிற வேலை.

வெள்ளிக்கிழமை அவன் ஒரு காரியம் செய்தான். செய்திருக்கக் கூடாது. கழற்றிய மிஷினை மறுபடி பொருத்தி, பதின்மூன்று நாப்பையும் மாட்டினான். சும்மா மிஷின்தான் என்று தனக்கே காட்டிக்கொள்ளத்தான். மணி 2.06. சுவிட்சைப் போட்டான். சூடேறியதும் திரையில் பச்சைக் கோடு வந்தது. நேரான கோடு. எந்தக் குறையும் இல்லை.

உள் அறையில் சத்யப்ரியா பாப்பாவை மடியில் வைத்திருந்தாள்.

2.09.

2.10.

டக்.

சத்தம் மிஷினிலிருந்து வந்தது. பெரிய நாப் ஒரு புள்ளி தள்ளி நின்றது. அவன் தொடவில்லை.

"ஏங்க..." உள்ளேயிருந்து சத்யப்ரியா. "பாப்பா கையத் திருப்புறா..."

டக்.

பச்சைக் கோடு நடுங்கியது.

"பிடிச்சுக்க! கைய விடாத!"

"முடியலங்க... இம்புட்டூண்டு கையி... என்னா பலம்..."

டக்... டக்...

கோடு அறுந்தது. ஒரு புள்ளி மட்டும்... இடமிருந்து வலமாக... மெல்ல ஊர்ந்தது.

வயரைப் பிடுங்கினான். திரை அணைந்தது.

டக்.

நாப்பை உருவினான். ஈரமாக இருந்தது. சூடாக இருந்தது. பிடித்த விரலில் ஒட்டியது.

நாப் இல்லாத மொட்டைக் கம்பி திரும்பியது.

டக்.

உள் அறையில் யாரோ தொண்டையைக் காறினார்கள். வயசான ஆம்பளைக் காறல்.

அந்த அறையில் சத்யப்ரியாவும் பாப்பாவும் மட்டும்தான் இருந்தார்கள்.

அவன் நாப்பைச் சட்டைப்பைக்குள் போட்டான். மனைவியையும் பிள்ளையையும் ஒச்சம்மாள் வீட்டில் விட்டுவிட்டு, மிஷினை வண்டியில் கட்டி மேலூருக்கு விட்டான். போய்ச் சேரும்போது மணி 3.35. சங்கிலி கொட்டகை வாசலில் நின்றிருந்தார். மிஷினைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இது யாருதுண்ணே? மறைக்காமச் சொல்லுங்க."

சங்கிலி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"வெள்ளைத்துரைன்னு எங்க லேப்ல இருந்தவரு. குடும்பம் குட்டின்னு கிடையாது. லேப்தேன் வீடு. இந்தப் பெட்டிதேன் எல்லாம். தெனமும் கருவாட்டுக் குழம்புதேன். சாப்புட்டதும் ஒருக்கா காறித் துப்பிட்டு, கையச் சரியாக்கூடக் கழுவாம இந்த நாப்பப் பிடிச்சுருவாரு."

அருள்பாண்டி வண்டியில் கட்டியிருந்த மிஷினைத் திரும்பிப் பார்த்தான்.

"அந்தப் பொங்க லீவுல எல்லாரும் ஊருக்குப் போயிட்டோம். நாலு நா கழிச்சு வந்தா, நாத்தம் வாசல் கேட்டு வரைக்கும் அடிக்குது. நாந்தேன் கதவ ஒடச்சேன். உக்காந்தபடிக்கே போயிருந்தாரு. தூக்குச்சட்டி தொறந்து கெடக்கு. நோட்டுல கடைசியா எழுதுன நேரம் ரெண்டு பத்து. கையி நாப்புல. இழுத்தோம். கையி வந்துருச்சு தம்பி..."

சங்கிலி தரையைப் பார்த்தார்.

"ரெண்டு வெரலு தோலு வரல. அதுலயே நின்னுபோச்சு."

அருள்பாண்டியின் கை தன்னால் சட்டைப்பையைப் பிடித்துக்கொண்டது.

"ஒடம்பு இருந்த இருப்புல யாரும் கிட்டப் போகல. நீர்மாலைத் தண்ணி எடுக்கல, குளிப்பாட்டல. ஆசுபத்திரில இருந்து நேரா தத்தனேரிச் சுடுகாடு. குளிப்பாட்டாம அனுப்புனது எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அந்த நாப்ப நானும் தொடல, ஒருத்தரும் தொடல. ஊருக்குள்ள இம்புட்டுப் பதனமாக் கழுவுற ஆளு நீ ஒருத்தன்தேன். உன் கையால கழுவிட்டாவது அவரு அடங்குவாருன்னு நெனச்சுக் குடுத்தேன். சொல்லாமக் குடுத்தது தப்புதேன். மன்னிச்சுக்க."

அருள்பாண்டி பையிலிருந்து நாப்பை எடுத்து நீட்டினான். சங்கிலி அதை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"சுத்தமாப் போயிருச்சே! நல்லாருப்பே. கழுவுன தண்ணிய எங்க தம்பி கொட்டுன? அந்த எடத்து மண்ணையாவது அள்ளிட்டு வா. தத்தனேரில போட்டுருவோம். மிச்சம் எங்க கெடக்குதோ, அவரும் அங்கதேன் இருப்பாரு."

அருள்பாண்டி அதைக் கழுவவே இல்லை.